கட்டு அவிழ்த்த பிறகு

எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. லூயிஸ்டனில் எங்கள் திபோடோ குடும்பம் சீட்டாட உட்கார்ந்தால் தெருவே எட்டிப் பார்க்கும். அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்கு வந்த எனக்கு, இந்த எக்ஸ்ரே வானியல் குழுவின் மரியாதைதான் கடைசிவரை பிடிபடவில்லை. இங்கே ஒருவரை முட்டாள் என்று சொல்ல வேண்டுமானால் 'உங்கள் கருத்து சுவாரசியமாக இருக்கிறது' என்பார்கள். எனக்கு அந்தப் பாராட்டு அடிக்கடி கிடைத்திருக்கிறது.

எங்கள் வேலை எடை போடுவது. நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே கொத்தாகக் கிடக்கும். அந்தக் கொத்துக்கு என்ன எடை என்று நாங்கள் சொல்ல வேண்டும். தராசில் வைக்கிற சமாச்சாரம் இல்லை. ஆனால் கொத்துக்குள் வாயு நிரம்பியிருக்கிறது, கோடிக்கணக்கான டிகிரி சூட்டில். அந்தச் சூட்டுக்கு அது எப்போதோ சிதறி ஓடியிருக்க வேண்டும். ஓடாமல் பிடித்து வைத்திருப்பது கொத்தின் எடைதான். ஆகவே வாயு எவ்வளவு சூடாக இருக்கிறது, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக எவ்வளவு சீக்கிரம் மெலிகிறது என்று பார்த்தால் எடை வந்துவிடும். அந்த வாயு எக்ஸ்ரேயில் ஒளிரும். எக்ஸ்ரே நம் காற்றைத் தாண்டிக் கீழே வராது. அதனால் தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பிவிட்டு நாங்கள் கீழே உட்கார்ந்து காபி குடிக்கிறோம்.

இந்தக் கணக்குக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வாயு அலையாமல் அமைதியாக இருக்கிறது என்ற நம்பிக்கை. அது கலங்கிச் சுழன்றுகொண்டிருந்தால், அந்தச் சுழற்சியும் சேர்ந்து வெளியே தள்ளும். அது சூட்டில் தெரியாது. அப்போது நம் தராசு எடையைக் குறைத்துக் காட்டும். எங்கள் குழுத் தலைவர் வாரன் ஹாஸ்கெல் பத்து வருஷத்துக்கு முன்பே இதை அளந்து பார்த்து, வாயு அமைதியாகத்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டார். கொத்தின் எடை அதன் பின்னால் இருந்து வரும் ஒளியை வளைக்கும். அந்த வளைவை வைத்து எடை போடுவது இன்னொரு வழி. அந்த வழியில் நூறு என்று வந்த கொத்து, வாரனின் எக்ஸ்ரே கணக்கிலும் நூறு என்றே வந்தது. அந்த நூறுதான் அவருக்குப் பேரும் பரிசும் மூலை அறையும் வாங்கிக் கொடுத்தது.

நான் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தவள். இன்னும் நிறையக் கொத்துகளை எடுத்து அதே அளவை மறுபடி செய்வது என் பொறுப்பு. ஆகஸ்டோடு ஒப்பந்தம் முடிகிறது. மினசோட்டாவில் ஒரு நிரந்தர வேலை, கடைசிச் சுற்றுவரை வந்திருந்தேன். வாரன் இரண்டு வரி நல்லதாக எழுதி அனுப்பினால் கிடைத்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எங்கள் குழுவில் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் கணக்குப் போடுவோம். கண் என்றால் நிஜக் கண் இல்லை. விடை இப்படி வந்தால் நன்றாயிருக்குமே என்று மனசு ஆசைப்படும். ஆசைப்பட்டால் கை தானாக அந்தப் பக்கம் சாயும். அதனால் கடைசி விடையை ஒரு ரகசிய எண்ணால் பெருக்கிவிட்டுத்தான் கணினி எங்களுக்குக் காட்டும். அந்த எண் யாருக்கும் தெரியாது. எந்தக் கொத்து கணக்கில் உண்டு, எது கிடையாது, பிழை எவ்வளவு, எல்லாவற்றையும் முடித்துப் பூட்டிய பிறகு ஒருநாள் கட்டை அவிழ்ப்போம். அவிழ்ப்பதற்கு முன் கூட்ட அறையின் வெள்ளைப் பலகையில் 'வருவது எதுவானாலும் வந்தபடியே வெளியிடுவோம்' என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே வாரன்தான். முதல் கையெழுத்தும் எப்போதும் அவருடையதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது. சடோவ்ஸ்கி டோனட் பெட்டியோடு வந்தான். அவன் பஃபலோ ஊர்க்காரன், என்னைப் போல் ஒப்பந்தக்காரன், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. வாய் மட்டும் சும்மா இருக்காது.

"எல்லாரும் யூகத்த எழுதுங்கப்பா. ரொம்பத் தள்ளிப் போறவங்க பீட்சா வாங்கணும். வாரன், உங்களுக்குச் சலுகை ஒண்ணும் கிடையாது."

"எனக்குச் சலுகை எதுக்கு?" என்று வாரன் நூறு என்று எழுதி அடிக்கோடு போட்டார். நான் தொண்ணூற்றேழு என்று எழுதினேன். எனக்கும் அவர் கணக்கு மேல் நம்பிக்கை இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ முதலிலிருந்தே சதி செய்ததாகப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

பொத்தானைத் தட்டினேன். எண்பது வந்தது.

சடோவ்ஸ்கிதான் முதலில் வாயைத் திறந்தான். "யாரு தராசுல விரல வச்சது?"

வாரன் டோனட் பெட்டியை மூடினார். "சுவாரசியமா இருக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

திங்கட்கிழமை அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கொத்துகளின் படங்களை மறுபடி பார்த்தாராம். அவற்றில் ஏழு அமைதியானவையாக அவருக்குத் தோன்றவில்லையாம். அந்த ஏழையும் நீக்கிவிட்டுக் கணக்கை ஓட்டச் சொல்லியிருந்தார். ஓட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றாறு வந்தது. எவ்வளவு வசதி! நேரே மூலை அறைக்குப் போனேன்.

"வாரன், இந்த ஏழும் அமைதின்னு நவம்பர்ல நீங்கதான சொன்னீங்க? ஒவ்வொண்ணாப் படத்தப் பார்த்து நீங்களே டிக் அடிச்சீங்க."

"அப்ப சரியாப் பார்க்கல, கோலெட்."

"இப்ப எப்படிச் சரியாத் தெரிஞ்சுது?"

"அனுபவம்னு ஒண்ணு இருக்கு."

"விடையப் பார்த்த அனுபவமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம். "இங்க பாரு. இன்னொரு கொத்தோட மோதின கொத்தெல்லாம் கணக்குல இருந்தா, வாயு கலங்கி எடை குறைஞ்சுதான் காட்டும். இது உனக்கே தெரியும். நான் புதுசா ஒண்ணும் சொல்லல."

"மோதினதுன்னா அவிழ்க்கறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும். அவிழ்த்தப்புறம் எடுத்தா அதுக்கு வேற பேரு."

"என்ன பேரு?"

"எங்க ஊர்ல சீட்டு மாத்தறதுன்னு சொல்லுவாங்க. மேசையிலேந்து எழுப்பி வெளியில தள்ளிடுவாங்க."

"மினசோட்டாவுக்கு உன்னப் பத்தி எழுதணும்," என்றார், குரலை உயர்த்தாமல். "இளம் விஞ்ஞானிக்குத் தீர்மானிக்கிற பக்குவம் எப்படின்னுதான் அவங்க முதல்ல கேட்பாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன். எண்பது."

"ஏழும் போகலைன்னா இந்தக் கட்டுரை என் குழுவிலேந்து போகாது."

"என் பேர்ல போகும்."

"போய் எங்க நிக்கும்? ஹாஸ்கெல் நூறுங்கிறாரு, யாரோ ஒரு பொண்ணு எண்பதுங்கிறான்னு நிக்கும்."

சண்டையில் எனக்கு வருத்தமில்லை. அவர் சொன்னது உண்மை என்பதுதான் உறுத்தியது. என் எண்பது ஏன் எண்பது, அவர் நூறு ஏன் நூறு என்று எனக்கே தெரியாது. அது தெரியாத வரைக்கும் நான் வெறும் அடம்பிடிக்கிறவள். மூன்று வருஷ உழைப்பு, என் பேர், மினசோட்டா, எல்லாம் அந்த ஒரு 'ஏன்' மேல் தொங்கியது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சடோவ்ஸ்கி என் மேசை ஓரத்தில் ஏறி உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே தெருவில், பனி வாரிக் கார் நிறுத்த இடம் பண்ணியவர்கள் ஆளுக்கொரு பழைய நாற்காலியை அங்கே போட்டு வைத்திருந்தார்கள். அதைத் தூக்கிவிட்டு வேறு யாராவது நிறுத்தினால் கார்க் கண்ணாடி உடையும். போலீஸ்கூடத் தலையிடாது.

"வாரன் அந்த நூறு மேல பத்து வருஷமா நாற்காலி போட்டு வச்சிருக்காரு. நீ போய் வண்டிய விட்டா அவரு சும்மா இருப்பாரா?" என்றான்.

"இடத்த அவரு நிஜமாவே வாரினாரான்னுதான் பார்க்கணும்."

"சரி. அவரு பண்ணாத எதை நீ பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. அதே தொலைநோக்கி, அதே முறை. வானத்தக் கழிக்கிறதுதான் கொஞ்சம் வேற."

"எப்படி வேற?"

சொன்னேன். கொத்து இல்லாத வெற்று வானத்திலும் ஒரு மங்கல் வெளிச்சம் உண்டு. கொத்தின் வெளிச்சத்தில் அதுவும் கலந்திருக்கும். அதைக் கழித்தால்தான் கொத்து மட்டும் மிஞ்சும். வாரன் காலத்திலிருந்தே ஒவ்வொரு படத்தின் மூலையிலிருந்தும் வெற்று வானத்தை எடுத்துக் கழிப்பதுதான் பழக்கம். கேமராவின் அந்த மூலையில் இரண்டு வருஷமாகக் கோளாறு. அதனால் நான் மூலையை விட்டுவிட்டுத் தனியாக எடுத்த வெற்று வானப் படங்களைப் பயன்படுத்தினேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

சடோவ்ஸ்கி கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். "அந்த மூலை வெற்று வானம்னு யாரு சொன்னது?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். பக்கத்தில் இருக்கும் கொத்துகள் பெரிதாகத் தெரியும். கேமரா முழுக்க நிரம்பி, மூலையிலும் வழியும். கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாக. அப்படியானால் வெற்று வானம் என்று நினைத்து நாங்கள் கழித்தது கொத்தின் ஓரத்தையேதான். ஓரத்தைக் கழித்தால் வாயு சட்டென்று முடிந்துபோவதுபோல் தெரியும். ஏதோ பலமான கை இறுக்கிப் பிடித்திருப்பதுபோல் தெரியும். கணக்கு உடனே எடையை ஏற்றிவிடும். வாயு கலங்கியதால் குறைந்த எடையும் இந்தத் தவறால் ஏறிய எடையும் ஒன்றையொன்று சரிக்கட்டி, அழகாக நூறு வந்து நின்றிருக்கிறது. அதைப் பார்த்துப் பத்து வருஷம் கைதட்டியிருக்கிறோம்!

"கடவுளே," என்றான் சடோவ்ஸ்கி. "அம்மா தாயே, இத நான் கேட்டதா யாருகிட்டயும் சொல்லாத. எனக்கு ரெண்டு பசங்க இருக்கு."

"கேட்டது நீ. சொல்றது நான். போதுமா?"

சந்தேகம் மட்டும் போதாது, படம் வேண்டும். பழைய படங்களெல்லாம் பொதுக் கிடங்கில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்கின்றன. வாரனின் கொத்துகளில் ஒன்றுக்குச் சற்றுத் தள்ளி, வேறு யாரோ வேறு எதையோ பார்ப்பதற்காகத் தொலைநோக்கியைத் திருப்பியிருந்தார்கள். பின்னணி மங்கலாக இருக்கிறது, பயனில்லை என்று குறிப்பும் எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த மங்கல்தான் வேண்டியிருந்தது. வாரனின் மூலைக்கும் அப்பால் கொத்து இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. சந்தோஷத்தில் நான் கத்தியதில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார்.

அச்செடுத்துப் போய் வாரன் மேசையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். அவர் கெட்டிக்காரர். எங்கே தட்டினால் உடையும் என்று அவருக்குத் தெரியும்.

"இது நம்ம பால்வெளியோட மங்கலா இருக்கலாம். முன்னால கிடக்கிற புகை."

"அதுக்கு இவ்வளவு சூடு இருக்காது. இங்க பாருங்க, நிறமாலையில இரும்போட கோடு. கொத்து இருக்கிற தூரத்துக்கு எவ்வளவு நகரணுமோ அவ்வளவு நகர்ந்திருக்கு."

"இத கோடுன்னு சொல்றியா? மேடு மாதிரி கொஞ்சம் தூக்கலா இருக்கு. அவ்வளவுதான்."

"அவ்வளவு இருக்கில்ல?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். "சரி. ஏழு கொத்த வச்சு எதுக்குச் சண்டை? நானே புதுசாக் கொத்து எடுத்துத் தர்றேன். இதுவரைக்கும் நம்ம யாரும் எடை போடாதது. இருக்கிறதுலயே உருண்டையானது, அமைதியானது. கண்ணக் கட்டிக்கிட்டு உன் முறையில பண்ணு. நூறு வந்துதுன்னா?"

"ஜூன் மாநாட்டு மேடையில ஏறி, ஹாஸ்கெல் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்புன்னு சொல்றேன்."

"மினசோட்டாக்காரங்க முன்வரிசையில இருப்பாங்க."

"இருக்கட்டும். எண்பது வந்துதுன்னா நீங்க?"

"வராது."

"வந்துதுன்னா?"

"கையெழுத்துப் போடறேன் இல்ல? வந்தபடி வெளியிடுவேன்."

அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் என்ன பந்தயம் கட்டியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அவர் எடுத்துக் கொடுக்கப்போவது வானத்திலேயே அமைதியான கொத்துகள். அவற்றில் வாயு நிஜமாகவே அசையாமல் இருந்தால்? மூலைத் தவறு உண்மையாக இருந்தும் அவர் ஜெயித்துவிடுவார். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் வழக்கம்போல் கத்தினார்: "கையில என்ன சீட்டு இருக்குன்னு தெரியாமலா பந்தயம் கட்டின? என் பொண்ணுதான் நீ!" அது திட்டா பாராட்டா என்று கேட்கவில்லை.

வாரன் நேர்மையாகவே கொடுத்தார். ஒவ்வொன்றும் மாவு உருட்டி வைத்ததுபோல் உருண்டை. நானும் நேர்மையாகச் செய்தேன். எண்பது வர வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது, வெறியாகவே இருந்தது. அதற்குத்தானே கட்டு. திரையில் வந்ததெல்லாம் பெருக்கப்பட்ட எண்கள். அவை நல்லதா கெட்டதா என்று தெரியாது. சில நாள் நான் ஜெயித்ததுபோல் இருக்கும், சில நாள் காபிகூட இறங்காது.

மார்ச்சில் பனி கரைந்து தெரு நாற்காலிகள் குப்பைக்குப் போன வாரம் மறுபடி கூடினோம். இம்முறை டோனட் இல்லை, யூகமும் இல்லை. பலகையில் அதே வாக்கியம். வாரன் முதலில் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நான். சடோவ்ஸ்கி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு எங்கள் இருவருடையதையும் விடப் பெரிதாகப் போட்டான்.

"நீங்களே தட்டுங்க," என்று வாரனிடம் மடிக்கணினியைத் தள்ளினேன்.

தட்டினார். எழுபத்தொன்பது.

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றவில்லை. அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழை அளவைப் பார்த்தார். கொத்துகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் அவர் எடுத்துக் கொடுத்தவை, நீக்க ஒன்றும் இல்லை. சடோவ்ஸ்கி மெல்ல எழுந்து காபி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"நீ வெளியிடு," என்றார் வாரன் கடைசியில். "நான் தடுக்க மாட்டேன். என் பேர மட்டும் எடுத்துடு."

"எடுக்க மாட்டேன்."

"கோலெட், என் பேரப் போட என் சம்மதம் வேணும்."

"சம்மதம் பலகையில இருக்கு. உங்க கையெழுத்துதான் முதல்ல இருக்கு."

"நான் எழுதினத நானே தப்புன்னு சொல்லணுமா? இந்த வயசுல?"

"நான் சொன்னா யாரோ ஒரு பொண்ணு சொல்றான்னு நிக்கும்னு நீங்கதான சொன்னீங்க. நீங்க சொன்னா நாளைக்கே நம்புவாங்க. உங்க நூற வச்சு எத்தன பேரு இந்தப் பிரபஞ்சத்துக்கே கணக்குப் போட்டிருக்காங்க? அவங்களுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது? நானா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "மினசோட்டாவுக்கு நான் இன்னும் எழுதல," என்றார். மிரட்டலா சமாதானமா என்று அவர் குரலில் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

"எழுதாதீங்க," என்றேன். என் குரல் லூயிஸ்டன்வரை கேட்டிருக்கும். "எனக்கு வேலை கிடைக்கலைன்னா நான் பார்த்துக்கறேன். மொதல்ல இத எழுதுங்க."

மடிக்கணினியை மறுபடி அவர் பக்கம் திருப்பினேன். கட்டுரையின் முதல் பத்தி காலியாக இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எந்த வரிசையில் பேர் என்று கேட்டார். நான் முதலில், நீங்கள் இரண்டாவது, சடோவ்ஸ்கி மூன்றாவது என்றேன். தலையாட்டினார். பத்து வருஷத்துக்கு முந்திய தன் கட்டுரையின் பெயரைத் தட்டச்சு செய்தார், வருஷத்தை அடித்தார். 'அதில் கொத்துகளின் எக்ஸ்ரே எடை சற்று மிகையாக மதிப்பிடப்பட்டிருந்தது' என்று அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தப்புன்னு அடிங்க, வாரன்."

அடித்தார்.